ரேடியேட்டர் ஃபேனுக்கு ஒரு சுவிட்ச்: ஹட்டனில் ஒரு ஓட்டோ எலெக்ட்ரீஷியன் கடை

ஹட்டன் டவுனிலிருந்து டிக்கோயா பக்கம் இறங்கும் வழியில், பழைய பேட்டரிகளை வரிசையாக அடுக்கி வைத்த ஒரு தகரக் கூரை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வயரிங் பாஸ் கடை எங்கே என்று கேட்டால் த்ரீவீல் ஓட்டுகிற தம்பிமார் கையைக் காட்டி விடுவார்கள். அங்கேதான் என் காருக்கு ரேடியேட்டர் ஃபேனைக் கையால் போட ஒரு சுவிட்ச் வைத்துத் தந்தார்கள். வைத்து எட்டு மாதம் ஆகிறது. வெயிலிலும் மழையிலும், ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மலைநாட்டில் பழைய ஜப்பான் கார் வைத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இந்தப் பிரச்சினை வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை ஏன் போனது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கார் 1993ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, ஏஈ 100 மாடல், 1500 சிசி பெட்ரோல். அப்பா ஹயர் ஓட்டிய வண்டி, இப்போது என்னிடம் இருக்கிறது. கடந்த ஏப்ரலில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கம்பளை, புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏப்ரல் சீசன் என்றால் அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரம்பொடையைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் முன்னால் ஒரு லொறி, அதற்கு முன்னால் இரண்டு டூரிஸ்ட் பஸ், எல்லாரும் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துகொண்டிருந்தோம். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும், ஃபேனுக்குப் பெரிதாக வேலை இருக்காது. ஊர்ந்து ஏறும்போதுதான் எஞ்சின் முழு பாரத்தையும் இழுக்கும், காற்றோ வராது. "தம்பி, பொகை வருதுடா" என்று அம்மா சொன்ன பிறகுதான் நான் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்தேன். சிவப்புக்கோட்டில் நின்றது. ஓரம் கட்டி, பொனெட்டைத் தூக்கினால் ஃபேன் அசையாமல் இருக்கிறது.

அன்று நடந்ததில் நான் செய்த ஒரே சரியான காரியம் ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் காத்திருந்தது. அதற்குள் பக்கத்துப் பீலியிலிருந்து ஒரு அண்ணன் கலனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து தந்தார். ஆறிய பிறகு ஊற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஏறினேன். ஏசியைப் போட்டால் இந்த வண்டியில் ஃபேனும் சேர்ந்து ஓடும். அவசரத்துக்கு இது நல்ல வழி, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வழியில் இருந்த ஒரு கராஜில் காட்டினேன். எந்த ஊர், எந்தக் கராஜ் என்பது வேண்டாம். அரை மணி நேரத்தில் 2,500 ரூபாவுக்கு வேலை முடிந்தது: பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சுவிட்ச், அங்கிருந்து திரும்ப ஒரு வயர் நேராக ஃபேன் மோட்டாருக்கு. போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். எனக்கும் அப்போது அது போதும் என்றுதான் பட்டது.

இரண்டாம் வாரம் ஒரு நாள் சுவிட்சை அணைக்க மறந்து, சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். விடியற்காலையில் பேட்டரி செத்துக் கிடந்தது. சரி, அது என் மறதி. ஆனால் மூன்றாம் வாரம் கொட்டகலைக்குப் பக்கத்தில் ஏறும்போது காருக்குள் பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தது. கையைக் கீழே விட்டுச் சுவிட்சைத் தொட்டேன், தொட முடியவில்லை. அன்றைக்குத்தான் ஒரு வேன் சாரதி இந்த ஹட்டன் கடையைச் சொன்னார்.

கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கூட ஒரு சிங்களப் பையன் வேலை பழகுகிறான், அவனை மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுகிறார், தமிழும் சிங்களமும் கலந்தே வேலை நடக்கிறது. நான் போய், "அண்ணே, இந்த சுவிட்ச் சூடாகுது, நல்ல சுவிட்சா ஒண்ணு போட்டுத் தாங்க" என்றேன். அவர் சுவிட்சைப் பார்க்கவே இல்லை. "ஃபேன் தானா ஏன் ஓடலைன்னு யாராச்சும் பார்த்தாங்களா தம்பி?" என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. "அப்ப அதைப் பார்த்துட்டுத்தான் சுவிட்ச்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார், எஞ்சின் ஆறட்டும் என்று. எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

எஞ்சின் ஆறியதும் பழைய வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டி வைத்தார். பிறகு, எஞ்சினுக்குள் தண்ணீர் நுழைகிற குழாய் வாய்க்குப் பக்கத்தில் திருகியிருக்கும் சின்னப் பித்தளைச் சாமானைக் காட்டினார். அதுதான் தெர்மோ சுவிட்ச், தண்ணீரின் சூட்டைப் பார்த்து ஃபேனைத் தானாகப் போடுவது, ஒரே ஒரு வயர்தான் அதற்குப் போகிறது. சாவியை ஓன் பண்ணச் சொல்லிவிட்டு, அந்த ஒற்றை வயரைப் பிடுங்கினார். குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் உறுமிக்கொண்டு ஓடியது! திரும்பச் செருகினார், நின்றது. மோட்டார் நல்லது, ரிலே (சின்ன மின்சாரத்தை வைத்து ஃபேனின் பெரிய மின்சாரத்தைப் போட்டு நிறுத்தும் சாமான்) நல்லது, பியூஸ் நல்லது என்பது அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு ஒரு மீட்டர் கூடத் தேவையில்லை. முதல் கராஜில் இதைச் செய்திருந்தால் என் பேட்டரியும் பிழைத்திருக்கும், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக்கும் கருகியிருக்காது.

வயரைப் பிடுங்கினால் ஃபேன் ஓடுவது எனக்குத் தலைகீழாகப் பட்டது. அவர் விளக்கியது இப்படி: அந்தக் காலத்து டொயோட்டாவில் தெர்மோ சுவிட்ச் குளிரில் மூடியிருக்கும், அதாவது மின்சாரத்தைப் போக விடும், 93 பாகையைத் தாண்டினால் திறந்து மின்சாரத்தை அறுக்கும், திரும்ப 83க்கு இறங்கினால் மூடும். மூடியிருக்கும்போது ரிலேயின் சுருளுக்கு எர்த் (பேட்டரியின் மைனஸ் பக்கம்) கிடைக்கிறது, ரிலே இழுத்துப் பிடித்து ஃபேனை நிறுத்தி வைக்கிறது. திறந்தால் எர்த் போய்விடுகிறது, ரிலே விட்டுவிடுகிறது, ஃபேன் ஓடுகிறது. ஏன் இப்படிச் சுற்றி வளைத்துச் செய்தார்கள் என்றால், வயர் அறுந்தாலும், ரிலேயின் சுருள் செத்தாலும், கனெக்டர் துருப்பிடித்தாலும் ஃபேன் ஓடும். எஞ்சின் வேகாது. இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு அன்று பெரிய மரியாதை வந்தது. அப்படியானால் என் வண்டியில் ஃபேன் ஓடாததற்கு மிச்சம் இருந்தது ஒரே காரணம்தான்: தெர்மோ சுவிட்ச் சூட்டிலும் திறக்காமல் மூடியபடியே இறுகிவிட்டது.

அதை அவர் வாயால் சொல்லி முடிக்கவில்லை, காட்டினார். தெர்மோ சுவிட்சைக் கழற்றி, கடையில் தேத்தண்ணி போடுகிற அதே காஸ் அடுப்பில் ஒரு பழைய பால்மா டின்னில் தண்ணீர் வைத்து, ஒரு கம்பியில் கட்டி உள்ளே தொங்க விட்டார். டின்னின் அடியைத் தொடாமல் தொங்க வேண்டும் என்று மல்லிக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். ஒரு 12 வோல்ட் சின்ன பல்பைப் பேட்டரியிலிருந்து சுவிட்ச் வழியாக எரிய விட்டார், பக்கத்தில் ஒரு தெர்மோமீட்டர். பல்ப் எரிந்துகொண்டே இருந்தது. 80. 85. 90. நான் குனிந்து பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். 93 தாண்டியது, பல்ப் எரிகிறது. தண்ணீர் தளதளவென்று கொதித்து, தெர்மோமீட்டர் 95க்கும் 96க்கும் நடுவில் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவே இல்லை.

"ஹட்டன்ல தண்ணி இவ்வளவுதான் தம்பி சுடும்" என்றார். இது நான் பாடசாலையில் படித்ததுதான், ஆனால் காரோடு சேர்த்து யோசித்ததே இல்லை. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம். ஹட்டன் 1,270 மீற்றர் அளவில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர், அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஃபேன் ஓடத் தொடங்குவது 93இல். ஒரு பாகைதான் இடைவெளி. இந்த இடைவெளியைக் காப்பாற்றுவது ரேடியேட்டர் மூடி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்து, கொதிநிலையை 110க்கு மேலே தள்ளி வைப்பது அதுதான். கொழும்பில் ரப்பர் வெடித்த மூடியோடு ஓடினாலும் கொஞ்சம் தாங்கும், மலையில் தாங்காது. என் மூடியின் ரப்பர் வளையம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. அதையும் 0.9 என்று அழுத்த அளவு அச்சிட்ட புது மூடியாக மாற்றினார். அப்புறம் பீலித் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலன்ட் கலந்து ஊற்றினார். அவசரத்துக்குப் பீலித் தண்ணீர் ஊற்றுவது தவறில்லை, ஆனால் அதையே வருடக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தால் உள்ளே துருவும் உப்பும் படிந்து, இந்தத் தெர்மோ சுவிட்ச் மாதிரிச் சாமான்களைத்தான் முதலில் பிடிக்கும் என்றார். கழற்றிய சுவிட்சின் முனை காவிக் கட்டியாக இருந்ததை நானே நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.

இனி சுவிட்ச். தெர்மோ சுவிட்ச் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வர மூன்று நாள் ஆகும் என்பதால், அதுவரை ஓட்டுவதற்கும், பிறகு ஏற்றங்களில் முன்கூட்டியே ஃபேனைப் போட்டுக்கொள்வதற்கும் கைச் சுவிட்ச் வைக்கலாம் என்று அவரே சொன்னார். முதல் கராஜ் போட்டதற்கும் இவர் போட்டதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது.

பழைய வயரிங்கைத் திரும்ப மாட்டி மீட்டரை வைத்துக் காட்டினார். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட், ஃபேன் முனையில் 11.9. கிட்டத்தட்ட இரண்டு வோல்ட் வழியிலேயே சூடாகப் போகிறது. ஃபேன் ஓடும்போது 9 அம்பியர் இழுக்கிறது, தொடங்கும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. ரேடியோவுக்குப் போடுகிற மெல்லிய வயரில், சின்னச் சுவிட்சின் நுனி அளவு செம்பில், இவ்வளவும் போனால் சுடாமல் என்ன செய்யும்? பியூஸும் இல்லை. அந்த வயர் எங்காவது உரசி வண்டியின் பொடியில் (தகர உடலில்) பட்டிருந்தால் பேட்டரியின் முழு பலமும் அதில் இறங்கியிருக்கும், வண்டி தீப்பிடித்திருக்கும். சுவிட்சைக் கழற்றி என் கையில் தந்தார். பின்பக்கப் பிளாஸ்டிக் தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்பேறி, ஒரு முனை உருகிச் சரிந்திருந்தது. அம்மாவை ஏற்றிக்கொண்டு மூன்று வாரம் அதில்தான் ஓட்டினேன். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இவர் ஃபேனுக்குப் போகும் பெரிய வயர் எதையும் தொடவில்லை. தெர்மோ சுவிட்சுக்குப் போகும் அந்த ஒற்றை மெல்லிய வயரை மட்டும் வெட்டி, இரண்டு முனையையும் நீட்டிக் காருக்குள் கொண்டு வந்து, நடுவில் சுவிட்சை வைத்தார். சாதாரண நிலையில் சுவிட்ச் மூடியிருக்கும், எல்லாம் கம்பனி செய்து தந்தபடி தானாக நடக்கும். அழுத்தினால் எர்த் அறுந்து ஃபேன் ஓடும். சுவிட்ச் வழியாகப் போவது ரிலேச் சுருளின் மின்சாரம் மட்டும், அம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு கூட வராது, எத்தனை மணி நேரம் ஓடினாலும் சுவிட்ச் சுடவே சுடாது. பாரமெல்லாம் கம்பனி ரிலேயும் கம்பனி வயரும் சுமக்கின்றன. சாவியை எடுத்தால் ரிலே வழியாக ஃபேனுக்குப் போகும் மின்சாரமே நின்றுவிடுவதால், மறந்தாலும் பேட்டரி இறங்காது. இந்தச் சுவிட்ச் ஒரு நாள் பழுதாகித் தொடர்பு விட்டுப்போனாலும் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், நிற்காது. கையால் ஃபேனை நிறுத்தும் வசதி இதில் இல்லை. அது வேண்டும் என்று யாராவது கேட்டால் செய்து தரமாட்டேன் என்றார், நிறுத்திவிட்டு மறந்தவர்களின் எஞ்சின்களை நிறையப் பார்த்திருக்கிறாராம்.

வேலைச் சுத்தம் பற்றியும் சொல்ல வேண்டும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றி விடவில்லை. ஈயம் வைத்து, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு, முழு வயரையும் கருப்பு வளையக் குழாய்க்குள் விட்டு, எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் மாட்டித்தான் இழுத்தார். வயர் எங்கேயும் தகரத்தில் உரசவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் முழுக்க நனைந்த பிறகு பொனெட்டைத் திறந்து பார்த்தேன், இணைப்புகள் போட்டது போட்டபடியே இருந்தன.

அதோடு நான் கேட்காமலே ஒரு சின்ன மஞ்சள் விளக்கையும் வைத்தார், ஃபேன் மோட்டாருக்குப் போகும் வயரிலிருந்து தனிச் சின்ன பியூஸ் போட்டு எடுத்து. இதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. ஃபேனுக்கு மின்சாரம் போகும்போதெல்லாம் அது எரியும், நான் போட்டாலும் சரி, தெர்மோ சுவிட்ச் தானாகப் போட்டாலும் சரி. முன்பு ஃபேன் ஓடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருப்பேன், மழைச் சத்தத்தில் எதுவும் கேட்காது. இப்போது கண்ணால் தெரிகிறது. புதுத் தெர்மோ சுவிட்ச் மாட்டிய முதல் வாரம், டவுனில் நெரிசலில் நிற்கும்போது முள் பாதியில் நிற்க, விளக்கு தானாக எரிந்து, இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அணைந்ததைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சமல்ல. விளக்கு அடிக்கடி எரியத் தொடங்கினால் ரேடியேட்டர் அடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று முள் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

சுவிட்சை நான் பயன்படுத்துவது சில இடங்களில் மட்டும். ரம்பொடை வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் போட்டு, லபுக்கலையில் அணைப்பேன். கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் ஏறும்போது முன்னால் பாரம் ஏற்றிய லொறி மாட்டிக்கொண்டால் போடுவேன். மற்ற நேரம் தொடுவதில்லை, குளிரில் எந்நேரமும் ஃபேனை ஓட விடுவதால் ஒரு நன்மையும் இல்லை, மோட்டார்தான் தேயும்.

செலவு: பழையதைக் கழற்றி, சோதித்து, சுவிட்சும் விளக்கும் வைத்ததற்கு எல்லாச் சாமானோடும் 7,500 ரூபா. தெர்மோ சுவிட்ச் 4,200. மூடியும் கூலன்டும் தனி. முதல் கராஜை விட மூன்று மடங்கு என்று சொல்பவர்கள் எஞ்சின் வெந்துபோய் ஹெட் கேஸ்கட் மாற்றினால் எவ்வளவு என்று ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

பிடிக்காதவையும் உண்டு. போன் எடுப்பதே இல்லை, நேரில்தான் போக வேண்டும். உட்கார இடம் கிடையாது, மழை பெய்தால் தகரக் கூரையின் ஓரத்தில் நனைந்துகொண்டு நிற்க வேண்டும், வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பில் கேட்டால் ஒரு சிகரட் பெட்டி அட்டையில் எழுதித் தருகிறார். வெள்ளிக்கிழமை வரும் என்ற தெர்மோ சுவிட்ச் திங்கட்கிழமைதான் வந்தது, அதை அவர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், நான் இரண்டு தடவை வீணாக வந்து போனேன். விளக்கை முதலில் மேலே வைத்ததால் இரவில் கண்ணாடியில் பிரதிபலித்தது. அதைச் சொன்னதும் காசு வாங்காமல் கீழே இறக்கி வைத்துத் தந்தார். சிவனொளிபாதமலைப் பருவகாலம் தொடங்கினால், அதாவது டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி விடுமுறை) வெசாக் வரை, நல்லதண்ணிக்குப் போகிற வேன்களே வரிசையில் நிற்கும், உங்கள் முறை வர மத்தியானம் ஆகிவிடும்.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு எல்லா வண்டிக்கும் இதே மாதிரி வயரை வெட்டப் போகாதீர்கள். வேறு பல வண்டிகளில் தெர்மோ சுவிட்ச் நேர்மாறாக, சூட்டில் மூடும் வகை. அதில் வயரை வெட்டக் கூடாது, அந்த வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, கைச் சுவிட்ச் வழியாகப் பொடி எர்த்துக்குக் கொடுக்க வேண்டும், இரண்டில் எது மூடினாலும் ஃபேன் ஓடும். எது எந்த வகை என்று பார்க்க அந்த வயரைப் பிடுங்கும் சோதனையே போதும். புது வண்டிகளில், முக்கியமாக ஹைபிரிட்களில், ஃபேனைக் கம்ப்யூட்டர்தான் ஓட்டுகிறது. நான் நிற்கும்போதே ஹைபிரிட் காரோடு ஒருவர் வந்து இதே சுவிட்ச் கேட்டார். பாஸ் மறுத்துவிட்டு, ரேடியேட்டரைக் கழுவச் சொல்லி அனுப்பினார். காசு வாங்கிக்கொண்டு எதையாவது போட்டுக் கொடுத்திருக்கலாம், செய்யவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: போயா நாட்களில் பூட்டு. காலையில் எட்டரைக்கு முன் போய்விட்டால் அன்றே வேலை முடியும். முடிந்தால் டவுனில் வண்டியை நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள், எஞ்சின் சூடாக வந்தால் ஆறும் வரை அவர் பொனெட்டுக்குள் கையே வைக்க மாட்டார்.